கை வருமா, காய் வருமா: அமெரிக்கத் தக்காளியை வைத்து ஒரு விளக்கம்

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், தென்மேற்கு ஓரமாக இமோக்கலி என்று ஓர் ஊர் இருக்கிறது. குளிர்காலத்தில் அந்த நாடு சாப்பிடும் தக்காளியில் கணிசமான பங்கு இந்த ஊரைச் சுற்றியுள்ள வயல்களிலிருந்து போகிறது. பறிப்பவர் கையில் ஒரு பிளாஸ்டிக் வாளி. நிரம்பினால் 32 பவுண்டு, நம் கணக்கில் பதினாலரைக் கிலோ. குனிந்தபடியே பறித்து நிரப்பி, தோளில் ஏற்றிக்கொண்டு, வயலுக்குள் நிற்கும் லாரிக்கு ஓட வேண்டும். லாரி மேல் நிற்பவர் வாளியை வாங்கிக் கொட்டிவிட்டு வெறும் வாளியைத் திருப்பி எறிவார். கூடவே ஒரு டோக்கன். எத்தனை டோக்கனோ அத்தனை வாளிக்குக் கூலி.

பல ஆண்டுகளாக வாளிக்கு 45 முதல் 50 சென்ட் என்ற அளவிலேயே அந்தக் கூலி நின்றது. 50 சென்ட் என்றே வைத்துக்கொண்டாலும், 50 டாலர் பார்க்க நூறு வாளி வேண்டும். ஏறக்குறைய ஒன்றரை டன் தக்காளி.

இதில் ஒரு சின்ன அநியாயமும் இருந்தது. படியால் அளந்த காலத்தில் தலைதட்டி அளப்பதா, கோபுரமாகக் குவித்து அளப்பதா என்று நம் ஊர் களத்துமேட்டில் சண்டை வருமே, அதே சண்டைதான். வாளியை விளிம்போடு நிறுத்த விடவில்லை. மேலே குவித்துத்தான் தர வேண்டியிருந்தது. குவித்த பங்குக்குக் கூலி கிடைக்கவில்லை. கொசுறு கேட்டு வாங்குவது கறிவேப்பிலையில் சரி. ஒரு மனிதனின் நாள் முழுவதிலும் பத்தில் ஒரு பங்கைக் கொசுறாக எடுத்தால் அதற்கு வேறு பெயர். 1993இல் தொடங்கிய இமோக்கலி தொழிலாளர் கூட்டமைப்பு பின்னாளில் வென்றெடுத்த விதிகளில் ஒன்று, வாளியை விளிம்பு மட்டத்துக்கு நிரப்பினால் போதும் என்பது.

இந்த வாளியை வைத்துத்தான் காய்கனி விவசாயத்தின் இரண்டு பெரிய பிரச்சினைகளையும் விளக்கப் போகிறேன். அமெரிக்கக் காய்கனி விவசாயி ஓயாமல் சொல்லும் புகார்கள் இரண்டு. ஒன்று, வெளிநாட்டுக் காய் மலிவாக வந்து இறங்கி எங்கள் விலையை அடிக்கிறது. இன்னொன்று, பறிப்புக்கு ஆள் கிடைக்கவில்லை. பத்திரிகைகளில் முதலாவது வணிகப் பக்கத்தில் வரும், இரண்டாவது குடியேற்றச் செய்திகளோடு வரும். அதனால் இரண்டும் வேறு வேறு விஷயம் என்று தோன்றிவிடுகிறது. எனக்கு அப்படித் தெரியவில்லை. காயைப் பறிக்கக் கை வேண்டும். கை எல்லையைத் தாண்டி உள்ளே வந்தால் காய் உள்ளூரில் விளையும். கையை வெளியே நிறுத்தினால், அது இருக்கும் ஊரிலேயே காய் விளைந்து லாரியில் ஏறி வரும். கை வரும், இல்லையென்றால் காய் வரும். இரண்டும் வரக்கூடாது என்று கதவை அடைத்தால் விலை ஏறும், அல்லது இயந்திரம் வரும்.

சோளம், சோயா போடுகிறவருக்கு இந்தத் தலைவலி இல்லை. ஒரு அறுவடை இயந்திரம், ஓட்ட ஓர் ஆள், முடிந்தது. விலை சரியில்லை என்றால் கிடங்கில் போட்டுவிட்டுக் காத்திருக்கலாம். தக்காளி காத்திருக்காது. ஸ்ட்ராபெர்ரி ஒரு நாள்கூடப் பொறுக்காது. பழுக்கிற வாரத்தில் ஐம்பது பேர் வேண்டும். அடுத்த மாதம் அந்த ஐம்பது பேருக்கும் அங்கே வேலையில்லை. அமெரிக்க விவசாயத்தை மொத்தமாகப் பார்த்தால் செலவில் கூலி பத்தில் ஒரு பங்கு அளவுதான். பழத்தோட்டங்களில் அது மூன்றில் ஒரு பங்கையும் தாண்டுகிறது. சில வாரம் மட்டும் வேலை, வெயிலில் குனிந்து, ஊர் ஊராக நகர்ந்துகொண்டே. இதற்கு உள்ளூர் ஆள் வர மாட்டார் என்பது அங்கே பல தலைமுறைகளாகத் தெரிந்த சங்கதி.

கை எங்கிருந்து வந்தது

இரண்டாம் உலகப்போர் காலத்தில், 1942இல், அமெரிக்காவும் மெக்சிகோவும் ஓர் ஒப்பந்தம் போட்டன. பெயர் பிராசெரோ திட்டம். ஸ்பானிய மொழியில் பிராசோ என்றால் புஜம். பிராசெரோ என்றால் கையை நம்பிப் பிழைப்பவர். பெயரிலேயே கை இருக்கிறது பாருங்கள். போர் முடிந்தும் திட்டம் முடியவில்லை, 22 ஆண்டுகள் ஓடியது. 1964 கடைசியில் நிறுத்தினார்கள்.

நிறுத்தும்போது கலிபோர்னியாவில் சாஸுக்கும் கெட்சப்புக்கும் தக்காளி போட்டவர்கள், இனி இந்தத் தொழிலே மெக்சிகோவுக்குப் போய்விடும் என்று கூக்குரலிட்டார்கள். நடந்தது வேறு. டேவிஸ் நகரிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் இயந்திரம் ஒன்றும் அதற்கேற்ற தக்காளி ஒன்றும் பக்கம் பக்கமாக உருவாகி வந்திருந்தன. இயந்திரம் செடியையே அறுத்து எடுத்து உலுக்கும். ஆகவே எல்லாக் காயும் ஒரே சமயத்தில் பழுக்க வேண்டும், உலுக்கினால் உடையக்கூடாது, தோல் தடிப்பாக இருக்க வேண்டும். அப்படி ஒரு தக்காளியையே வளர்த்தெடுத்தார்கள். சில ஆண்டுகளிலேயே கலிபோர்னியாவின் கெட்சப் தக்காளி ஏறக்குறைய முழுவதும் இயந்திர அறுவடைக்கு மாறியது. கையும் வரவில்லை, காயும் வரவில்லை, மூன்றாவது வழி திறந்தது. ஆனால் இந்த வழி எல்லாப் பயிருக்கும் திறக்காது. சாலட்டிலும் பர்கரிலும் முழுசாக வெட்டிப் போடும் தக்காளியில் கீறல் விழக்கூடாது. அது இன்றுவரை கைப்பறிப்புதான்.

பிராசெரோ போனபின் கை வருவது நிற்கவில்லை, காகிதம் இல்லாமல் வந்தது. இன்றும் அமெரிக்க வயல்களில் பயிர் வேலை செய்பவர்களில் பத்தில் நான்கு பேருக்கு அங்கே வேலை செய்யச் சட்டப்படியான அனுமதி இல்லை. இதைச் சொல்வது அந்த நாட்டு அரசின் சொந்தக் கணக்கெடுப்பு. அந்த நாடு சாப்பிடும் காய்கறியைப் பறிக்கும் ஆட்களில் இவ்வளவு பேரை எந்த நாளும் பிடித்து வெளியேற்றலாம் என்ற நிலையிலேயே பல பத்தாண்டுகளை ஓட்டியிருக்கிறார்கள். 2011இல் ஜார்ஜியா மாநிலம் கடுமையான குடியேற்றச் சட்டம் போட்டது. அந்தப் பருவத்தில் வெங்காயமும் பெர்ரியும் பறிக்க வேண்டிய ஆட்கள் மாநிலத்தைச் சுற்றிக்கொண்டு வேறு பக்கம் போய்விட்டார்கள். தண்டனை பெற்றுச் சிறைக்கு வெளியே நன்னடத்தைக் கண்காணிப்பில் இருந்தவர்களை வயலுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். பலர் அரைநாளில் வெளியே நடந்தார்கள். 2025 ஜூனில் கலிபோர்னியாவின் வென்ச்சுரா பகுதி ஸ்ட்ராபெர்ரி வயல்களில் குடியேற்ற அதிகாரிகள் இறங்கியபோதும், பிடிபட்டவர்களைவிட மறுநாள் பயந்து வேலைக்கு வராதவர்கள்தான் அதிகம்.

காகிதத்தோடு வர ஒரு வழி இருக்கிறது. எச்-2ஏ விசா. ஐ.டி.காரர்கள் பேசும் எச்-1பி-க்கு இது விவசாய உறவு. 1986 சட்டத்தில் இன்றைய வடிவம் பெற்றது. எச்-1பி-க்கு ஆண்டுக்கு இத்தனை என்ற வரம்பு உண்டு, குலுக்கல் உண்டு. எச்-2ஏ-வுக்கு வரம்பே இல்லை. பிறகென்ன கஷ்டம் என்று கேட்கலாம். கஷ்டம் நிபந்தனையில்.

ஒரு விவசாயிக்கு ஜனவரி 10ஆம் தேதி எண்பது ஆள் வேண்டும் என்று வையுங்கள். 60 முதல் 75 நாளுக்கு முன்பே மாநில வேலைவாய்ப்புத் துறையிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். உள்ளூரில் ஆள் தேட வேண்டும். ஒப்பந்தக் காலத்தில் பாதி கழியும்வரை தகுதியுள்ள உள்ளூர் ஆள் யார் வந்து கேட்டாலும் வேலை கொடுக்க வேண்டும். பிறகு மத்தியத் தொழிலாளர் துறை, குடியேற்றத் துறை, கடைசியில் தூதரகம். மெக்சிகோவின் மான்டெர்ரே நகரத் துணைத் தூதரகம்தான் இந்த விசாவுக்குப் பெரிய வாசல். வருகிறவருக்கு இலவச வீடு, அதை அதிகாரி வந்து பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். போக வரச் செலவு முதலாளியுடையது. சொன்ன மொத்த வேலை நேரத்தில் நான்கில் மூன்று பங்குக்காவது வேலையோ கூலியோ தந்தாக வேண்டும். அக்டோபரில் எழுதிக் கொடுத்த தேதியைத் தக்காளி மதிக்குமா? ஒரு குளிர் அலை வந்தால் காய் பழுப்பது பத்து நாள் தள்ளிப்போகும். ஆட்கள் வந்து உட்கார்ந்திருப்பார்கள்.

இதற்கு மேல் கூலி. வெளியாளைக் கொண்டுவந்து உள்ளூர்க் கூலியை இறக்கக்கூடாது என்பதற்காக மாநிலத்துக்கு மாநிலம் ஒரு தனி அடிமட்டக் கூலியை அரசு அறிவிக்கும். 2025 தொடக்கத்தில் புளோரிடாவில் அது மணிக்கு 16.23 டாலர், கலிபோர்னியாவில் 19.97. இவ்வளவு கெடுபிடிக்கும் நடுவில் இந்தத் திட்டம் வளர்ந்த வேகம் ஆச்சரியமானது. 2005இல் 48 ஆயிரம் இடங்களுக்கு ஒப்புதல் கிடைத்தது; 2022க்குள் 3.7 லட்சம். விவசாயிகள் முணுமுணுத்துக்கொண்டே வரிசையில் நிற்கிறார்கள், வேறு வழியில்லாததால்.

தொழிலாளி பக்கம் பார்த்தால் விசா ஒரே முதலாளியோடு கட்டிப்போட்டது. பிடிக்கவில்லை என்று பக்கத்துத் தோட்டத்துக்குத் தானாகப் போக முடியாது. ஊரில் ஆள் சேர்க்கிற தரகர் பணம் வாங்கக்கூடாது என்று விதி இருக்கிறது. பலர் வாங்கிவிடுகிறார்கள், அந்தக் கடனோடுதான் ஆள் பஸ் ஏறுகிறார். நமக்கு இது புதிதில்லை. இலங்கைத் தேயிலைக்கும் மலாயா ரப்பருக்கும் கங்காணியின் முன்பணத்தோடு கப்பல் ஏறியவர்கள் நம் ஊர்க்காரர்கள். விசா இல்லாதவர் நிலை இன்னும் மோசம். இமோக்கலியில் பறிப்பாட்களைச் சரக்கு வண்டிக்குள் பூட்டி வைத்து வேலை வாங்கிய வழக்கில் 2008இல் இரண்டு பேருக்கு ஆளுக்கு 12 ஆண்டு சிறை கிடைத்தது. வருடத்தை இன்னொரு தடவை பாருங்கள், 2008.

காய் வந்த கதை

புளோரிடாவில் தக்காளி பறிப்பது அக்டோபர் வாக்கில் தொடங்கி ஜூனில் ஓயும். மெக்சிகோவின் மேற்குக் கரையில் சினலோவா மாநிலம். அங்கேயும் குளிர்காலம்தான் தக்காளிப் பருவம். இரண்டு காயும் ஒரே மாதங்களில் ஒரே சந்தைக்கு வருகின்றன. சினலோவாக் காய் அரிசோனா எல்லையில் நோகாலெஸ் வழியாக உள்ளே நுழையும். 1994 ஜனவரி 1இல் அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றுக்கும் இடையிலான நாப்டா வர்த்தக ஒப்பந்தம் அமலுக்கு வந்து இறக்குமதி வரி படிப்படியாகக் கரைந்தது. அதே ஆண்டு டிசம்பரில் மெக்சிகோவின் நாணயமான பெசோ சரிந்தது. டாலரில் பார்த்தால் மெக்சிகோக் காய் ஒரேயடியாக மலிந்துவிட்டது. அது வரி குறைப்பைவிடப் பெரிய அடி. அன்று தொடங்கிய புலம்பல் இன்னும் ஓயவில்லை.

1996இல் புளோரிடா விவசாயிகள் 'டம்பிங்' வழக்குப் போட்டார்கள். டம்பிங் என்பது, தன் நாட்டில் விற்கும் விலைக்கோ அடக்க விலைக்கோ கீழே அடுத்த நாட்டில் கொண்டுபோய்க் கொட்டுவது. நிரூபணமானால் அந்த விலை வித்தியாசத்தை வரியாகப் போடலாம். வழக்கு தீர்ப்புக்குப் போகும்முன் சமாதானமாகப் போனார்கள். இந்த விலைக்குக் கீழே விற்க மாட்டோம் என்று மெக்சிகோக்காரர்கள் எழுதிக் கொடுக்க, வழக்கை நிறுத்தி வைத்தார்கள். ஒப்பந்தம் முறிவதும் மறுபடி எழுதுவதுமாக 2002, 2008, 2013, 2019 என்று ஓடியது. கடைசி ஒப்பந்தத்தில் சாதாரண உருண்டைத் தக்காளிக்கு அடிவிலை பவுண்டுக்கு 31 சென்ட். இவ்வளவு காவலுக்கு நடுவிலும் மெக்சிகோவின் பங்கு ஏறிக்கொண்டே போய், இன்று அமெரிக்காவில் விற்கும் புதுத் தக்காளியில் பத்தில் ஏழு மெக்சிகோவிலிருந்து வருகிறது. 2025 ஜூலை 14இல் அமெரிக்கா ஒப்பந்தத்திலிருந்து விலகி 17.09 சதவீத வரியைப் போட்டது.

டம்பிங்தான் முழுக் காரணமா? நான் நம்பவில்லை. மெக்சிகோக்காரர்கள் நிழல்வலைக்கும் பசுமைக்குடிலுக்கும் மாறி, செடியிலேயே நிறம் ஏறிய காயைப் பறித்து அனுப்பினார்கள். புளோரிடாவில் பெரும்பாலும் திறந்த வயல், பச்சையாகப் பறித்து எத்திலீன் வாயு வைத்துச் சிவக்கவைக்கும் காய். பர்கர்க் கடைக்கு அது வசதி, சீராக வெட்டலாம். வீட்டில் ரசம் வைப்பவர் எதை எடுப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை.

கூலிக் கணக்கு இதைவிடப் பெரிது. 2025இல் மெக்சிகோவின் பொதுக் குறைந்தபட்சக் கூலி ஒரு நாளைக்கு 278.80 பெசோ, சுமார் 14 டாலர். அங்கே பறிப்பவர்கள் பலர் இதைவிடக் கூடுதலாக வாங்குகிறார்கள் என்பது உண்மைதான். இருந்தாலும் அந்த ஆண்டு தொடக்கத்தில் அங்கே சட்டம் ஒரு நாளுக்குச் சொன்ன கூலி, புளோரிடாவில் எச்-2ஏ தொழிலாளியின் ஒரு மணி நேரக் கூலியைக்கூட எட்டவில்லை. இத்தனைக்கும் எச்-2ஏ-வில் வருபவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் மெக்சிகோக்காரர்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் பறிப்பதும் மெக்சிகோக் கை, அந்தப் பக்கம் பறிப்பதும் மெக்சிகோக் கை. போட்டி என்கிறோமே, அது ஒரே ஊர்க் கைக்கு இரண்டு இடத்தில் போட்ட இரண்டு விலைக்கு நடுவே நடப்பது.

'பருவம்' என்ற சொல் சட்டத்தில் எங்கே இடிக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். இறக்குமதியால் நஷ்டம் என்று வழக்குப் போட்டால், விசாரிப்பவர்கள் நாடு முழுவதற்கும் பல ஆண்டுக் கணக்கைப் பார்ப்பார்கள். புளோரிடாக்காரர் அடி வாங்குவது சில குளிர்கால வாரங்களில். கோடையில் கலிபோர்னியாக்காரர் நல்ல விலை பார்த்திருந்தால் மொத்தக் கணக்கு சமமாகி, நஷ்டமே இல்லை என்று வந்துவிடும். எங்கள் பருவத்தை மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள் என்பது தென்கிழக்கு மாநிலங்களின் நெடுநாள் கோரிக்கை. நாப்டாவைத் திருத்தும் பேச்சுவார்த்தையில் அமெரிக்கா இதை முன்வைத்து, பிறகு கைவிட்டது. 2020 ஜூலையில் அமலான புதிய ஒப்பந்தத்தில் அது இல்லை. புளூபெர்ரிக்காக நடந்த தனி விசாரணையில், 2021 பிப்ரவரியில், இறக்குமதியால் பெரிய பாதிப்பு இல்லை என்று அமெரிக்கச் சர்வதேச வர்த்தக ஆணையத்தின் ஆணையர்கள் ஐந்து பேரும் ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள். புளோரிடா, ஜார்ஜியா பெர்ரிக்காரர்கள் நொந்துபோனார்கள். சிலி, பெரு பெர்ரியை வாங்கி ஆண்டு முழுவதும் விற்கும் அமெரிக்க நிறுவனங்களுக்கோ நிம்மதி. அமெரிக்க விவசாயிகள் என்று ஒரே குரலாகப் பேசும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

வர்த்தகச் சலுகை விவசாயத்துக்குச் சம்பந்தமே இல்லாத காரணத்தாலும் வரும். அஸ்பாரகஸ் என்ற தண்டுக்காய் நம் தண்ணீர்விட்டான் கிழங்குக்கு ஒன்றுவிட்ட உறவு. 1991இல் ஆண்டிஸ் மலை நாடுகளுக்கு அமெரிக்கா வரிச்சலுகை கொடுத்தது. நோக்கம், கொக்கைன் தரும் கோக்கா செடியை விட்டு விவசாயிகள் வேறு பயிருக்கு மாறட்டும் என்பது. பெருவின் இக்கா பாலைவனத்தில் நீர் பாய்ச்சி அஸ்பாரகஸ் போட்டார்கள், ஆண்டு முழுவதும் விளைந்தது. வாஷிங்டன் மாநிலத்தில் அதைப் போட்டவர்களும் டப்பாவில் அடைத்தவர்களும் அடிவாங்கினார்கள். போதைப்பொருளை ஒழிக்கப் போட்ட கணக்கு, கடைசியில் யாரோ ஒரு வடமேற்கு விவசாயியின் தலையில் விடிந்தது.

மறுபடி வாளிக்கு வருகிறேன். இமோக்கலி கூட்டமைப்பு கூலி உயர்வு கேட்டு விவசாயியோடு மட்டும் மோதிக்கொண்டிருக்கவில்லை. விவசாயியின் கழுத்தில் கை வைத்திருப்பவர் காயை மொத்தமாக வாங்குபவர் என்று கண்டுபிடித்தார்கள். டாக்கோ பெல் உணவகங்களைப் புறக்கணிக்கச் சொல்லி 2001இல் போராட்டம் தொடங்கினார்கள். 2005இல் அந்த நிறுவனம் இறங்கிவந்தது. கேட்டது பவுண்டுக்கு ஒரே ஒரு சென்ட் கூடுதல். சாப்பிடுபவருக்கு அது தெரியவே தெரியாது. வாளிக்கு 32 பவுண்டு என்றால் பறிப்பவருக்கு வாளிக்கு 32 சென்ட் கூடும்! அதன் தொடர்ச்சியாக 2011இல் புளோரிடாவின் பெரும்பாலான தக்காளிப் பண்ணைகள் ஓர் ஒழுங்குமுறைக்குள் வந்தன. நிழல், குடிநீர், புகார் செய்ய வழி, தலைதட்டிய வாளி.

2025இன் கதை இன்னொரு திசையில் போனது. ஜூலையில் மெக்சிகோக் காய்க்கு வரி. அக்டோபரில் எச்-2ஏ அடிமட்டக் கூலியைக் கணக்கிடும் முறையை மாற்றி அதைக் குறைத்தார்கள். வெளிநாட்டிலிருந்து வருபவருக்கு இலவச வீடு தருவதையும் கூலியில் கழித்துக்கொள்ளலாம் என்றார்கள். ஒரே ஆண்டில் காயின் விலையை ஏற்றினார்கள், கையின் விலையை இறக்கினார்கள். வயலுக்குச் சொந்தக்காரருக்கு இரண்டுமே லாபம். வாளி தூக்குபவருக்கு அப்படியில்லை.

சினலோவாவில் தக்காளி பறிப்பவர்கள் சினலோவாக்காரர்கள்தானா என்றால், பெரும்பாலும் இல்லை. தெற்கே வாஹாக்கா, கெரேரோ மாநில மலைக் கிராமங்களிலிருந்து பருவத்துக்குப் பஸ் ஏறி வருபவர்கள். மிஸ்டெக், ட்ரிக்கி போன்ற பழங்குடி மொழிகள் பேசுபவர்கள். ஸ்பானியமே அவர்களில் பலருக்கு இரண்டாம் மொழி. 2015 மார்ச்சில் மெக்சிகோவிலேயே உள்ள பாஹா கலிபோர்னியா மாநிலத்தின் சான் கின்டின் பள்ளத்தாக்கில் ஆயிரக்கணக்கான பறிப்பாட்கள் வேலையை நிறுத்திச் சாலையை மறித்தார்கள். கேட்டது நாளுக்கு 300 பெசோ. பிறகு 200க்கு இறங்கினார்கள். அந்தக் கிராமங்களிலும் இப்போது பள்ளிக்கூடம் இருக்கிறது, குடும்பத்துக்குப் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், படித்த பிள்ளை வாளி தூக்கப் போவதில்லை. பறிப்புக்கு ஆள் கிடைக்கவில்லை என்று சினலோவா விவசாயியும் சொல்லத் தொடங்கிவிட்டார்.